பழைய குப்பையில் ஒரு புது எலும்பு

அன்று காலையும் அத்தானின் மூக்குக்கண்ணாடி காணாமல் போயிருந்தது. ஊரார் தொலைத்ததையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கும் துப்பறிவாளருக்குத் தன் கண்ணாடியைக் கண்டுபிடிக்க மட்டும் துப்பில்லை. வாரம் தவறாமல் போன் வரும். கார் ஓட்டக் கற்றுத்தரும் மைத்துனர் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவார். அக்கா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் தேடிக்கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? இந்தத் தடவை கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் இருந்தது.

"அரிசிக்குப் பார்வை மங்கிப்போச்சா அத்தான்?" என்று மைத்துனர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மண் அப்பிய செருப்போடு ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார்.

"அகழாய்வுல எலும்பு ஆராய்ச்சி பண்றேங்க. எலும்பக்கான்னு கூப்பிடுவாங்க" என்றவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஓர் ஆட்டெலும்பு. "இது எங்கிருந்து வந்துச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியலேன்னா, என் உழைப்பு அத்தனையும் பாழ்."

விஷயத்தை அகழாய்வுக் குழியோரம் நின்றுதான் விளக்கினார். கீழே இரண்டு மண்சுவர்கள், எழுத்து பிறப்பதற்கு முன்பு யாரோ கட்டியவை.

"பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனா பொதுச் சுவர் கிடையாது. அவங்கவங்களுக்கு அவங்கவங்க சுவர். நடுவுல இந்தச் சந்து. ரெண்டு வீட்டுக்காரங்களும் சாம்பலையும் தின்னுட்டுப் போட்ட எலும்பையும் கொட்டிக் கொட்டியே ரொப்பிட்டாங்க."

"ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டாங்களா?" என்று அத்தான் கேட்டார்.

"அதை எலும்பு சொல்லாதுங்க."

அவர்கள் கல்லால் அறுத்தவர்கள், இரும்பைக் கண்டதில்லை. சந்து மண்ணிலிருந்து எடுத்துக் கழுவி அறையில் கட்டி வைத்திருந்த எலும்புப் பை ஒன்றில் கிடைத்த இந்த எலும்பிலோ இரும்புக் கத்தியின் வெட்டு நேர்க்கோடாக இருந்தது. பதறிப்போய் எலும்பக்கா நேராக அகழாய்வுத் தலைவரிடம் ஓடினார். எலி வளையோ, பின்னால் வந்தவன் தோண்டிய பள்ளமோ, மண் கலந்துவிட்டது, குழியை மூடிவிடலாம் என்று அவர் கையை உதறிவிட்டார். சாயங்காலம் முடிவு சொல்லப் போகிறாராம்.

எலும்பு அறையில் தட்டுத் தட்டாகக் கழுவிக் காயவைத்த எலும்புகள். அறைச்சாவி எலும்பக்காவிடமும் தலைவரிடமும் குழியை அளந்து படம் போடும் வரைபடக்காரரிடமும் மட்டும். அந்த எலும்பு கிடந்த தட்டில் எறும்புகள் ஊர்ந்தன. எலும்பக்கா அவற்றைத் தட்டிவிட்டார்.

"பழைய எலும்பா புதுசான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" மைத்துனருக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"நாக்குல வெச்சா பழசு ஒட்டிக்கும். வேணும்னா வெச்சுப் பாருங்க."

அடுத்த நொடி ஒரு பழைய எலும்பு மைத்துனரின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தான் அந்தக் கூத்தைக் கவனிக்கவில்லை. ஒரு தீக்குச்சியை எடுத்து ஒவ்வோர் எலும்பின் துளையாகக் குடைந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் சிடுசிடுத்தார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே, "எனக்கு மட்டும் குழியை மூட ஆசையா?" என்று எரிந்து விழுந்தார்.

"முழிக்கற முழியே சரியில்ல அத்தான். ஆள் இவர்தான்" என்று மைத்துனர் காதைக் கடித்தார்.

வரைபடக்காரரின் அறை எலும்பக்கா தங்கும் அறையை ஒட்டி இருந்தது. மேஜையில் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் தூசி படிந்திருந்தது. அவசர அவசரமாகக் கழுவி இருவருக்கும் டீ ஊற்றினார். மைத்துனர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். டீயா அது, சர்க்கரைப் பாகு!

"முன்னெல்லாம் வினோதமா எது கிடைச்சாலும் எலும்பக்கா இங்கதான் ஓடி வருவாங்க. எந்த மட்டத்துல கிடந்துச்சுன்னு என் படத்தைப் பார்த்தாதான் தெரியும். மணிக்கணக்கா பேசுவோம். இப்போ அளக்கற மிஷினே எல்லாத்தையும் சொல்லிடுது" என்றவர், கொஞ்சம் தயங்கி, "என்னைக் கேட்கச் சொல்லி அவங்கதான் அனுப்பினாங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றார் அத்தான். வரைபடக்காரரின் முகம் விழுந்துவிட்டது.

மாலையில் எல்லோரும் எலும்பு அறையில் கூடினார்கள். அத்தான் தீக்குச்சியைக் கையில் எடுத்தார்.

"இந்தத் தட்டுல இருக்கற எலும்பு ஒவ்வொண்ணுலயும் துளைக்குள்ள சாம்பல் மண் இறுகிக் கிடக்கு, கழுவியும் போகல. இது மட்டும் சுத்தமா இருக்கு. சந்து மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்தா இப்படி இருக்குமா? இது மண்ணுலேர்ந்து வரல. பைக்குள்ள யாரோ போட்டது."

எலும்பக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கத்தி வெட்டைப் பார்த்ததுமே கதிகலங்கிட்டேன். துளையைப் பார்க்கவோ நாக்குல வெச்சுப் பார்க்கவோ தோணல."

"அப்போ இந்தப் பழுப்பு நிறம்?" என்றார் தலைவர்.

"மாப்ளே, நாக்கை நீட்டு."

மைத்துனர் நக்கினார். "அத்தான், இது ஒட்டலியே!" என்றவர் மறுபடி நக்கினார். "அட, இனிக்குது!"

"அதான் எறும்பு வந்துச்சு. டீயில ஊறவெச்ச எலும்பு. தலைவர் சர்க்கரையைத் தொடமாட்டார். எலும்பக்காவுக்கு இதனால நஷ்டம்தான். மிச்சம் இருக்கறது ஒரு சாவி."

வரைபடக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சூப்புக்கு வாங்கின எலும்புங்க. இது எப்படிச் சந்துக்குள்ள வந்துச்சுன்னு படத்தைப் பார்க்க என் அறைக்கு வருவாங்கன்னு நெனச்சேன். வந்ததும் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். அவங்க நேரா தலைவர்கிட்ட போயிட்டாங்க. அப்புறம் சொல்ல வாய் வரல." அறைச்சாவியை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தார். "இந்த வருஷம் வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து என் கதவை யாருமே தட்டலீங்க."

"அதுக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவீங்களா?" எலும்பக்கா சீறினார். கோபத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகு சொன்னார்: "பேச ஆள் வேணும்னா சுவரைத் தட்டியிருக்கலாமே. என் கட்டில் அந்தப் பக்கம் ஒட்டித்தானே கிடக்கு? நானும் சுவரைப் பார்த்துக்கிட்டுத்தானே படுத்திருக்கேன்."

தலைவர் வாயில் வந்தபடியெல்லாம் வரைபடக்காரரைத் திட்டித் தீர்த்தார். பிறகு குழியை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் மைத்துனருக்குப் பேச்சு ஓயவில்லை. "ஒரு ஆளை வரவழைக்க இப்படியா அத்தான் சுத்தி வளைப்பாங்க? வந்துட்டுப் போங்கன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வராது மாப்ளே" என்றார் அத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தானை இறக்கிவிட்டு மைத்துனர் தெருமுனை வரை போயிருப்பார். சட்டென்று பிரேக்கை மிதித்தார். அரிசி டப்பாவின் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. காலையில் அதைத் திறக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. போன வாரம் கண்ணாடி மடித்த குடைக்குள் இருந்தது. அதற்கு முந்தின வாரம் அக்காவின் புடவை அடுக்குக்குள். கண்ணாடி தானாகப் போய் நுழைகிற இடங்களா இவை? அடக் கடவுளே, இத்தனை நாளாக இது மண்டையில் ஏறவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. காரைத் திருப்பினார்.

அத்தான் கதவைத் திறந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"என்ன மாப்ளே, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"இல்ல அத்தான். இன்னைக்கு எனக்குச் சாப்பாடு இங்கதான். அரிசி டப்பாவை எடுங்க."