பேட் செக்டரில் பாண்டிச்செல்வி

2003 தீபாவளி முடிந்த மூன்றாம் வாரம், சிவகாசிக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போனேன். காலை பதினொரு மணி. வானம் மூட்டமாக இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே, சீசனில் வெடித்த பதினாலாம் நம்பர் ரூம் கூரையில்லாமல் நின்றது. கரிந்த மருந்து வாடை இன்னும் போகவில்லை.

மேனேஜர் ரத்தினசாமிக்கு நெற்றி நிறையத் திருநீறு, மனசு நிறையச் சாக்கடை. விபத்து நடந்த அன்றைய வருகைப் பட்டியலில் பாண்டிச்செல்வி என்ற பெயரை மட்டும் எடுக்க வேண்டுமாம். அந்தப் பட்டியலைத் திறந்தாலே கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதாம். அவள் அன்று வேலைக்கே வரவில்லை, எவனோடோ ஓடிவிட்டாள் என்று கம்பெனி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது. கேட்டில் இருந்தவள் அவளுடைய அம்மா வள்ளித்தாய். மகளைத் தேடுவதா, அழுது முடிப்பதா என்று தெரியாமல் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கும் ரத்தினசாமிக்கும் திருநீறு ஒன்றுதான் வித்தியாசம். டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க்கை ஓட விட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம், அதாவது பேட் செக்டர், வந்தால் ஸ்கேன்டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். படிக்க முடிந்ததை வேறு இடத்துக்கு மாற்றும். முடியாததற்குச் சிவப்பாக ஒரு குறி போடும். அந்த இடம் அங்கேயேதான் இருக்கும். விண்டோஸ் மட்டும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பாது. அதன் யோக்கியதை அவ்வளவுதான்.

டிக்.

டிக்.

திரையில் சிவப்புக் குறி விழுந்தது. கரிந்த வாடை கூடியது போல இருந்தது. பட்டியல் திறந்தது. மற்ற எல்லாரும் இருந்தார்கள், அவள் வரி மட்டும் இல்லை.

"இதுக்கு எம்புட்டு அறிவு பாருங்க," என்று ரத்தினசாமி சிரித்தார்.

பழைய டிஸ்க்கை உடைத்துப் போடச் சொன்னார். நான் கொண்டு போயிருந்த புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பழையதைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதில் கேபிள் இல்லை. கரண்ட் இல்லை.

டிக்.

சிரிப்பு நின்றது.

டிக். டிக்.

"வெளிய கொண்டு போயிருங்க தம்பி," என்று முணுமுணுத்தார். பெரிய வீரர்! நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

டிஸ்க் கையில் சுட்டது, டிக் சத்தமும் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது வள்ளித்தாய் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"எம் மக சொடக்கு எடுக்கா," என்றாள். "சரவெடி பின்னிப் பின்னி வெரலு கடுக்கும். படுக்கையில ஒவ்வொரு வெரலா எடுப்பா."

டிஸ்க்கை அவளிடம் நீட்டினேன்.

"அன்னைக்கு வேலைக்கு வந்திருக்காங்கம்மா. பேரு இருந்துச்சு. நாந்தான் எடுத்தேன்."

டிஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். டிஸ்க்கில் டிக் சத்தம் அடங்கிவிட்டது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

பஸ் விருதுநகரை நெருங்கும்போது செல்போன் அடித்தது. ரத்தினசாமி.

"தம்பி, புது டிஸ்க்குல இன்னைக்குப் பட்டியல்ல அவ பேரு ஏறியிருக்கு. வந்த நேரம் காலையில ஏழே முக்கா."

"வெளிய போன நேரம் போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

அவருடைய போனுக்கு மிக அருகில், யாரோ நிதானமாகச் சொடக்கு எடுத்தார்கள்.