அட்டையின் மூன்றாவது வரி

விடுதிக்காரம்மா படியேறி வந்தபோது காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. சமையல்கட்டில் கட்டிய ஏப்ரனை அவிழ்க்கவும் மறந்து வந்திருந்தார். கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர், அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஆளைக் கையைத் தூக்கியபடியே நிற்கவிட்டு, அவர் பின்னாலேயே மேலே ஓடி வந்துவிட்டார்.

மாடியில் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற பிழைதிருத்துபவர். அச்சகத்தில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடித்தவர். இப்போது மற்றவர்கள் செய்ததில் கண்டுபிடிக்கிறார். ஊரில் அவரை 'புரூஃப் சார்' என்பார்கள். தையல்காரர் தன்னை அவருடைய உதவியாளர் என்று சொல்லிக்கொள்வார். சார் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

"என் சமையலைத் திருடிட்டாங்க சார்" என்று சொல்லி விடுதிக்காரம்மா மேசைமேல் இரண்டு அட்டைகளை வைத்தார்.

மறுநாள் ஊரில் உணவு, ஒயின் திருவிழா தொடங்குகிறது. தங்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பதார்த்தமும் அதற்குப் பொருத்தமான ஒரு ஒயினும் பரிமாற வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று மூன்றே வரியில் ஓர் அட்டை எழுதி விழாக் குழுவிடம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேர் ஒரே பதார்த்தம் செய்ய முடியாது. முதலில் அட்டை கொடுத்தவருக்குத்தான் அது சொந்தம்.

"நான் இன்னைக்குக் காலையில கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வாங்க மாட்டேங்கிறாங்க. எதிர் ஹோட்டல்காரர் நேத்து சாயங்காலமே இதையே கொடுத்துட்டாராம். அவர் அட்டைக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிட்டு வந்தேன். படிச்சுப் பாருங்க."

இரண்டு அட்டைகளிலும் முதல் வரி, 'சிவப்பு ஒயினில் வேகவைத்த பேரிக்காய்'. இரண்டாவது வரியில் ஒரே ஒயினின் பெயர். விடுதிக்காரம்மாவின் மூன்றாவது வரி, 'மிளகு, பட்டை, சோம்பு சேர்த்தது'. எதிர் ஹோட்டலின் மூன்றாவது வரி, 'மிளகு, பட்டை, சீரகம் சேர்த்தது'.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தியிருக்கான் சார்! திருட்டுன்னு தெரியக் கூடாதாம்" என்றார் தையல்காரர்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பேரிக்காய்ல சீரகம் போட்டா விளங்கிடும்!" என்றார் விடுதிக்காரம்மா. ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன மூணு வருஷமும் விழாக் குழு எங்க வீட்டைச் சிறந்ததாத் தேர்ந்தெடுக்கலை. இந்த வருஷமும் இல்லைன்னா விடுதியை மூடிட்டுப் பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு எங்க வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அந்த எட்டு ரூமும் என் உசிரு சார். நாளைக்கு மத்தியானம் ருசி பார்க்க வர்றாங்க."

"இந்தச் செய்முறை யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, எங்க வீட்டுக்காரருக்கு, என் தங்கச்சிக்கு. மூணாம் நம்பர் ரூம்ல ஒரு ஒயின் வியாபாரி தங்கியிருக்கார், அவர் ஞாயித்துக்கிழமை ருசி பார்த்தார். எல்லாம் என் சமையல் நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருந்தேன். திங்கக்கிழமையிலிருந்து நோட்டைக் காணோம்."

"யார் மேல சந்தேகம்?"

அவர் கொஞ்ச நேரம் ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "தங்கச்சி போன வருஷம் வரைக்கும் எதிர் ஹோட்டல்லதான் வேலை பார்த்தா. இன்னைக்குக் காலையில அவளை வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

சார் தன் சிவப்புப் பென்சிலை எடுத்தார். எதிர் ஹோட்டல் அட்டையில் 'சீரகம்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டார்.

விடுதியின் வாசல் பலகையில் 'படுக்கையும் காலை உணவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே கூடத்துச் சுவரில் எட்டு ஆணி, ஐந்து சாவி. மூன்று அறைகளில் மட்டும் ஆட்கள் தங்கியிருந்தார்கள். மாடிப்படியின் அடியில் ஒரு பெட்டி. அதன்மேல் தங்கை உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒன்பது வருஷம் அங்க வேலை பார்த்தேன் சார். அந்த ஹோட்டல் சமையலைப் பத்தி இவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவ சமையலைப் போய் அங்க சொல்லுவேனா?" என்றாள். "அக்கா அதைக்கூட யோசிக்கலை பாருங்க, அதான் வயித்தெரிச்சல்."

வீட்டுக்காரர் தாடை வரைக்கும் மடித்த விரிப்புகளை அடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். அந்த விடுதியில் சமையல் மனைவியுடையது. படுக்கை விரிப்பது, துவைப்பது, டீ போடுவது எல்லாம் அவருடையது. விரிப்புகளைக் கூடத்து அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து, வந்தவர்களைச் சமையல்கட்டு மேசையில் உட்காரவைத்து டீ போட்டார்.

"என் டீயில கொஞ்சம் சீரகம் தட்டிப் போடுவேன். எங்கம்மா பழக்கம். ஜீரணத்துக்கு நல்லது" என்றார்.

தையல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். "ஆஹா, இனிப்பா மணக்குதே!" சார் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையின் அடியைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டு அலமாரியைப் பார்த்தார். ஒவ்வொரு டப்பாவிலும் விடுதிக்காரம்மாவின் உருண்டையான கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது.

"அவளுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார். போனா போகுதுன்னு விட்டுட்டா நிம்மதி" என்றார் வீட்டுக்காரர். "பொண்ணு வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

ஒயின் வியாபாரி பேச்சுக்காரர். கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினார். "எதிர் ஹோட்டலுக்கும் நான்தான் ஒயின் சப்ளை பண்றேன், அதை மறைக்கலை. ஆனா என்னமா பண்ணியிருந்தாங்க சார் அந்தப் பேரிக்காயை! அந்தச் சோம்பு வாசனை இருக்கே, அதுக்கே ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

தையல்காரர் சாரைத் தனியே இழுத்தார். "இவன்தான் சார். ரெண்டு இடத்துக்கும் போய்வர்ற ஆள். கேட்காமலே பேசுறான். நான் இவன் ஷூவைக்கூட அளந்துட்டேன்."

"எதுக்கு?"

"தேவைப்படும்ல சார்!"

"தேவைப்பட்டா சொல்றேன்" என்றார் சார். "எல்லாரையும் டிபன் ரூமுக்குக் கூப்பிடுங்க."

நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அக்காவும் தங்கையும் மேசையின் இரண்டு கோடிகளில். சார் சமையல்கட்டிலிருந்து ஒரு சின்னத் தட்டில் ஏதோ விதையைக் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்தார். அதை முதலில் வியாபாரியிடம் நீட்டினார்.

"இது என்ன?"

"சோம்பு" என்றார் வியாபாரி.

தட்டு தங்கையிடம் போனது. "சோம்பு. இதுல என்ன சந்தேகம்?"

அடுத்தது வீட்டுக்காரர். அவர் இரண்டு விதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சீரகம்" என்றார் சாதாரணமாக. "ஏன் கேட்கிறீங்க?"

வியாபாரி சிரித்துவிட்டார். விடுதிக்காரம்மாவும் பழக்கத்தில் சிரிக்கத்தான் வாயெடுத்தார். "கல்யாணமான நாள்லயிருந்து இவர் இப்படித்தான். இவருக்காகத்தான் டப்பாவுல எல்லாம் பேர் எழுதி ஒட்டினேன். அப்பவும்..." அப்படியே நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

சார் அந்த அட்டையை மேசைமேல் வைத்தார். சிவப்பு வட்டம் எல்லோருக்கும் தெரிந்தது.

"திருடுறவன் மாத்துவான். ஆனா கெட்டுப்போற மாதிரி மாத்த மாட்டான்" என்றார். "பேரிக்காய்க்குச் சீரகம் ஆகாதுன்னு சமைக்கிற யாருக்கும் தெரியும். அப்படின்னா இது மாத்தினது இல்லை, பிழை. நோட்டைப் பார்த்து எழுதியிருந்தா சோம்புன்னு இருந்திருக்கும். நாக்குல ருசி பார்த்த வியாபாரி சொல்லியிருந்தாலும் சோம்புதான். இந்தத் தங்கச்சி சொல்லியிருந்தாலும் சோம்புதான். யாரோ வாயால சொல்லியிருக்காங்க, எதிர் ஹோட்டல்காரர் கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கிட்டார். சோம்புக்குப் பெருஞ்சீரகம்னு ஒரு பேர் உண்டு." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்கம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. நீங்க முன்னாடி பாதியை விட்டுட்டீங்க. இன்னைக்கு எனக்குக் கொடுத்த டீயில சீரகம்னு சொல்லி நீங்க போட்டது சோம்பு."

"அப்போ அந்த நோட்டு?" என்றார் தையல்காரர் மூச்சு வாங்க.

"வாயால சொல்றவருக்கு நோட்டு எதுக்கு? வெளியாள் திருடின மாதிரி தெரியணும், அதுக்குத்தான். இந்த வீட்டுல அவர் ஒருத்தர் கைமட்டும் படுற இடம் விரிப்பு அலமாரி. போய்ப் பாருங்க."

தையல்காரர் கூடத்துக்கு ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு இருந்தது. மடித்த விரிப்பு ஒன்றின் நடுவில் இருந்ததாம். ஆனால் அதை மேசையில் வைத்தபோது அவர் முகத்தில் வெற்றிக்களை இல்லை.

வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எதிர் ஹோட்டல்ல எனக்குக் காட்டினாங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே."

"தெரியாது. அவங்கவங்க பிழை அவங்கவங்க கண்ணுல படுறதில்லை" என்றார் சார். முப்பது வருடம் அதை வைத்துத்தான் அவர் சாப்பிட்டார்.

"ஏங்க?" என்றார் விடுதிக்காரம்மா.

"எத்தனை வருஷம்தான் ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் படுக்கை விரிக்கிறது? எனக்குன்னு ஒருத்தர் விரிச்ச படுக்கையில ஒரு நாள் படுக்கணும், காலையில யாராவது எழுப்பி டிபன் தரணும். அவ்வளவுதான் ஆசை. போயிடலாம்னு மூணு வருஷமாச் சொன்னேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொல்லிட்டிருந்தே. நீ தோத்தாத்தான் வருவேன்னு தோணிச்சு."

"நான் கேட்கலை, அது என் தப்புதான்" என்றார் விடுதிக்காரம்மா மெதுவாக. "நீங்க சண்டை போட்டிருக்கலாம். சட்டியைத் தூக்கிப் போட்டு உடைச்சிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். ஆனா இன்னைக்குக் காலையில இவளைத் திருடின்னு நான் வாய்க்கு வந்தபடி பேசினப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? இவ பெட்டியை மாடியிலிருந்து கீழே தூக்கிட்டு வந்தது யாரு? நீங்கதானே?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

விடுதிக்காரம்மா எழுந்து மேசையின் மறுகோடிக்குப் போனார். தங்கையின் முன்னால் நின்றார். தங்கையின் தோளில் கையை வைத்தார்.

"அப்போ எதிர் ஹோட்டல்ல நாளைக்கு நிஜமாவே சீரகம் போட்டுத்தான் பேரிக்காய் வேகவைக்கப் போறாங்க?" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நோட்டுல தேதி இருக்கு" என்றார் சார். "அதையும் இந்த அட்டையையும் குழுவிடம் காட்டினா உங்க பதார்த்தம் உங்களுக்குத் திரும்பி வரும். ஆனா எப்படி வெளியே போச்சுன்னு கேட்பாங்க. யார் சொன்னதுன்னு ஊர் முன்னாடி சொல்ல வேண்டியிருக்கும்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். விடுதியை மூடுவதைத் தவிர, இத்தனை வருடமும் அவர் எதற்கெல்லாம் அப்படிப் பார்த்தாரோ, அதற்கெல்லாம் அந்த அம்மா விட்டுக்கொடுத்திருந்தார்.

"சொல்றேன்" என்றார் விடுதிக்காரம்மா.

ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். நோட்டையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டார். "நீ பெட்டியை மேல கொண்டுபோய் வச்சுட்டுப் பேரிக்காயைத் தோல் சீவ ஆரம்பி. நான் வந்துடுறேன்" என்று தங்கையிடம் சொன்னார். கூடத்துக்குப் போய்ச் சுவரில் தொங்கிய சாவிகளில் ஒன்றை எடுத்தார். திரும்பி வந்து அதைக் கணவரின் முன்னால் வைத்தார்.

"ஏழாம் நம்பர் ரூம் காலியா இருக்கு. படுக்கையை நானே விரிச்சு வைக்கிறேன். எத்தனை நாள் வேணும்னாலும் தங்கிக்கோங்க" என்றார். மற்ற விருந்தாளிகளிடம் பேசும் அதே மரியாதையான குரல். "காலை டிபன் எட்டு மணிக்கு."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விழாக் குழுவின் அலுவலகத்துக்கு நடந்தார்.