வெள்ளிக்கிழமை வந்த மீன்காரன்

"பாம்... பாம்...!"

மீன்காரனின் ஹோர்ன். சுதர்சினி திடுக்கிட்டு எழுந்தாள். இப்போதெல்லாம் கரண்டி விழுந்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது.

கொழும்பில் வேலை பார்த்தவள், கொரோனாவுக்குப் பயந்து கிளிநொச்சிக்கு ஓடி வந்தாள். வந்த அன்றே கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் பளையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட, பதினான்கு நாளைக்கு அவளும் நான்கு சுவரும்தான். இன்று ஐந்தாம் நாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் கிட்ட வரவில்லை. அம்மா போனில் கேட்டால் மட்டும், "நல்லாயிருக்கிறன் அம்மா." வாய் கூசாத பொய்!

"வீட்டுக்காரர்! உயிரோட இருக்கிறியளோ?"

எட்டிப் பார்த்தாள். தூறலில் நனைந்தபடி, மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு ஒருவன். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்... மழையில் கழுவிவிட்ட மாதிரி.

"கேற்றில ஒட்டியிருக்கிறது தெரியேல்லையோ? மீன் வேண்டாம்!"

"தெரியுது. அஞ்சு நாளா வளவு கூட்டாமக் கிடக்கிறதும் தெரியுது."

கூட்டாத முற்றத்தை யாரோ ஒருவன் சொல்லிக் காட்டுவதா? எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்!

"மீன் விக்க வந்தனீங்களோ, வளவு பாக்க வந்தனீங்களோ?"

"ரெண்டுக்கும்தான்..." கண்கள் சிரித்தன. போய்விட்டான்.

மழை விட்டதும், வந்த கோபத்தில் விளக்குமாற்றை எடுத்தாள். வேப்பஞ்சருகு முழுவதையும் கூட்டி அள்ளினாள். வியர்த்தது. பிறகு... பசித்தது! அன்று மத்தியானம் சோறு இறங்கியது.

மறுநாள், "ஓ... கூட்டியாச்சு!" என்றான். பிறகு தினமும் தெருவின் அந்தப் பக்கம் நின்றபடியே ஐந்து நிமிடக் கதை. பெயர் றஜித். முள்ளிவாய்க்காலில் இருந்து வருகிறவன்.

"நானும் போன மாதம் பதினாலு நாள் தனிய அடைபட்டுக் கிடந்தனான். ஏழாம் நாள் பல்லியோட சண்டை பிடிச்சனான்."

"ஆர் வெண்டது?"

"பல்லிதான்."

வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

முன்வீட்டுத் தங்கம்மாவின் கண்ணில் இதெல்லாம் படாமல் இருக்குமா? எட்டாம் நாள் காலை, அம்மாவின் குரல் போனில் கொதித்தது.

"கேற்றடியில மீன்காரப் பெடியனோட என்ன கதை? ஊர் என்ன சொல்லும்? அவை வேற ஆக்கள், நாங்கள் வேற ஆக்கள்!"

அவன் வந்தபோது சுதர்சினி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "இனி வராதேங்கோ."

"சரி" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் காலை படுக்கையை விட்டு எழ முடியவில்லை. போனைக் கையில் எடுத்தாள்... அம்மாவிடம் என்னவென்று சொல்வது? இத்தனை நாளும் நல்லாயிருந்தவள் அல்லவா!

தெருவில் ஹோர்ன் அடித்தது. ஓடினாள்.

"வரவேண்டாமெண்டு சொன்னனான்தானே?"

"ஓம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இந்த ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் மீன் சமைக்க மாட்டினம். ஆருக்கு விக்க வந்தனீங்கள்?"

அவன் பெட்டியைத் திறந்து காட்டினான். ஒரு மீன்கூட இல்லை.

"விக்க வரேல்லை. உங்களைப் பாக்காம இருக்க ஏலாமக் கிடக்கு... அதுதான் வந்தனான்."

அவள் கண்கள் நிறைந்தன. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல்லாயில்லை, றஜித். வந்த நாளிலயிருந்து நல்லாயில்லை. நீங்கள் வந்து நிக்கிற அஞ்சு நிமிசத்தைத் தவிர..."

முன்வீட்டு யன்னல் திறந்தது. தங்கம்மாவின் தலை தெரிந்தது. சுதர்சினி கண்ணைத் துடைத்தாள். குரலை மட்டும் தாழ்த்தவில்லை.

"அம்மாட்ட நான் உண்மையைச் சொல்லுறன். எனக்கு நீங்கள் வேணும். நாளைக்கும் வாங்கோ!"