ஒத்திகையில் ஒரு கொலை

போன் அலறியது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேக்கரி மாடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. சங்கவி டீ கிளாஸை வாயருகே கொண்டுபோன நேரம்.

"அக்கா... செத்துப்போச்சுக்கா."

விழுப்புரம் ஆஸ்பத்திரியின் வரவேற்பு கவுண்டரிலிருந்து கலைப்பிரியா.

"யாரு?"

"டேட்டாபேஸு. ஒரு நோயாளி பேரு இல்ல. யாருக்குப் பிரசவம், யாருக்குக் குடல்வால்னு படுத்துக்கினு இருக்கறவங்களையே கேட்டுக்கினு இருக்கோம். ஒரு தாத்தா பிரசவம்னு சொல்றாரு."

டீ ஆறியது.

சங்கவியின் கம்பெனி பராமரிக்கும் அந்த ஆஸ்பத்திரி டேட்டாபேஸில் எதை மாற்றுவதானாலும் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. மாற்றத்தைக் கட்டளையாக எழுதி அனுப்பினால் போதும். மீதியை இந்த அலுவலக மூலையில் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். விழுப்புரம் சர்வரிலேயே ஒத்திகைக்கு ஒரு டேட்டாபேஸைப் புதிதாகக் கட்டும். மாற்றங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் ஒத்திகையை இடித்துவிட்டு, அப்புறம்தான் நிஜத்தைத் தொடும்.

எல்லாம் தானாக. சண்டை போட்டு இதைக் கொண்டுவந்தவள் சங்கவி.

இன்று காலையும் பெட்டி ஓடியிருந்தது...

முதலாளி வீரமுத்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"நகல் இருக்குல்ல?"

"நேத்து எடுத்தது இருக்கு சார். ஏத்திக்கினு இருக்கோம். கொஞ்ச நேரத்துல எழுந்துடும்."

"பொணம் எழுந்துடும். விருத்தாசலம் உக்கார மாட்டாரே. ஆஸ்பத்திரி ஓனராச்சே, நேர்ல கெளம்பிட்டாரு. இதைப் பண்ணவங்க சீட்டு காலியாயிருக்கணும்னாரு. நானும் சரின்னுட்டேன்."

"யாரு சீட்டு சார்?"

அவர் அவளுடைய நாற்காலியைப் பார்த்தார்.

"பெட்டி உன்னுதுதானேம்மா."

பயம் வரவில்லை. முதலில் வந்தது அவமானம்.

அவளுக்கு அந்தப் பெட்டியைப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். தப்பு என்றால் தப்பு என்று முகத்துக்கு நேரே சிவப்பில் காட்டும். மனிதர்கள் அப்படியில்லை. 'பரவால்ல' என்பார்கள். பிறகு யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் வைத்து அந்தத் தப்பை எடுத்துவிடுவார்கள்.

வீரமுத்துவின் போன் சிணுங்கியது. விருத்தாசலத்தின் டிரைவர்.

"விக்கிரவாண்டி டோல்ல நிக்கிறாங்களாம். ஜல்தியா எதையாவது கண்டுபிடிம்மா."

பக்கத்து மேஜை ஜெசிந்தா தலையை நீட்டினாள். மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. சங்கவியைச் சோதிப்பது பொழுதுபோக்கு.

"அக்கா, இங்க பாருக்கா. உன் பெட்டி குற்றத்தை ஒத்துக்கினு இருக்கு."

திரையில் பெட்டியின் வாக்குமூலம்:

'குப்பம்மாள் ஏற்கெனவே இருக்கிறது. இடிக்கப்பட்டது. புதிதாகக் கட்டப்பட்டது.'

குப்பம்மாள்... ஒத்திகைக்குச் சங்கவி வைத்த பெயர். முதலில் கட்டிய ஒத்திகைகள் பாதியிலேயே படுத்துக்கொண்டன. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு எமன் திரும்பிப் பார்க்காத பெயராகப் பார்த்து வைப்பார்களே, அந்த மாதிரி. வைத்ததிலிருந்து ஒத்திகை படுக்கவில்லை.

கரண்ட் போய்ப் பாதியில் நின்ற பழைய குப்பம்மாள் கிடந்தால், கேட்காமல் இடி. இதுவும் அவள் எழுதிய விதிதான். 'நிச்சயமா? நிச்சயமா?' என்று தன்னையே கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவள், பெட்டியாவது கேட்காமல் இருக்கட்டுமே என்று விட்டிருந்தாள்.

"நேத்து ஓட்டம் முடிஞ்சதும் இடிச்சாச்சு, ஜெசிந்தா. அப்புறம் எப்பிடி அங்க ஒரு குப்பம்மாள்?"

"எவளோ பெத்துப் போட்டிருக்கா."

"நீயா?"

"எனக்கு அந்த சர்வர் பாஸ்வேர்டே தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா எங்க மாமியாரை ஐசியூல சேத்திருப்பேன்."

கேட்ட பிறகுதான் உறைத்தது... ஜெசிந்தாவாக இருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டிருக்கிறது. சங்கவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சாம்," என்றார் வீரமுத்து.

"சார், எனக்கு இன்னும் கொஞ்சம் டைம்..."

"எனக்கே இல்லம்மா."

மாடிப்படி அதிர்ந்தது.

மூச்சிரைக்க வந்து நின்றார் விருத்தாசலம். வெள்ளைச் சட்டை, வியர்வையில் பாதி உடம்போடு ஒட்டியிருந்தது.

"யாருய்யா அது? ஆஸ்பத்திரியே பேஜாராயிக் கெடக்கு. எனக்கு அந்த ஆளைப் பாக்கணும்."

வீரமுத்து தரையைப் பார்த்தார்.

சங்கவி எழுந்தாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

"என் பெட்டிதான் சார் இடிச்சது. குப்பம்மாள்னு ஒண்ணு உங்க சர்வர்ல இருந்தா, கேக்காம இடின்னு எழுதினது நான்தான். ஆனா..."

"என்ன பேரு சொன்ன?"

"குப்பம்மாள்."

விருத்தாசலம் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது சங்கவியின் நாற்காலி.

"தண்ணி குடும்மா..."

ஜெசிந்தா கொடுத்தாள். குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"இந்த டேட்டாபேஸ் சனியன் வந்த வருஷமே ரெண்டு தபா படுத்துக்கிச்சு. சரி... நெலைக்கட்டும்னு... நேத்து சாயந்தரம் நம்ம சிஸ்டம் ஆளை வெச்சு... பேரை மாத்தினேன்."

"எதோட பேரை சார்?" வீரமுத்துவின் குரல் உள்ளே போயிருந்தது.

"நெஜத்தோட பேரைத்தான். எங்க பெரியக்கா பேரு அது. முன்னாடி பொறந்தது எதுவும் தங்கல. இது இன்னிக்கும் பல்லாலயே மல்லாட்டை உடைச்சுக் கடலை திங்குது."

ஒத்திகை என்று நினைத்துப் பெட்டி இடித்தது நிஜத்தை. முன்பின் பேசிப் பழகாத இரண்டு பேர், ஒரே பயத்தில், ஒரே பெயரைத் தேடிப் போயிருக்கிறார்கள். சங்கவிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த மனிதர் மீது ஏனோ கொஞ்சம் பிரியமும்.

"பேரை மாத்தறதா இருந்தாலும் எங்களுக்கு எழுதி அனுப்பணும் சார்," என்றாள். "பெட்டி வழியாத்தான் மாத்தணும்."

விருத்தாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓனர் முகம் திரும்பி வந்திருந்தது.

"சரி, போவட்டும் வீரமுத்து. யாரையும் வேலையை விட்டு எடுக்க வேணாம்."

ஜெசிந்தா மானிட்டருக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"உங்களை எப்பிடி சார் எடுக்கறது? ஆஸ்பத்திரி உங்களுதாச்சே."