பாம்புக்கு வைத்த கெடு

பாம்பு சூடான பக்கம் போகவே இல்லை.

கண்ணாடித் தொட்டியின் இடது ஓரத்தில், கம்பிக் கூண்டுக்குள் வெப்ப விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே கார்க் பட்டையை வளைத்து ஒரு குகை, உள்ளங்கைக்கு இதமான தேங்காய் நார்த் தூள், சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி, எல்லாம் மித்ஹத் பார்த்துப் பார்த்துச் செய்தவை. அவன் அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தின் மீன் கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக். வாழ்நாளெல்லாம் மீனை உறைய வைத்தே பிழைத்தவன் ஒரு பாம்பைக் கதகதப்பாக வைக்கப் படுகிற பாட்டைப் பார்த்து அவன் மனைவி இனாஸுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வலது ஓரம் குளிர்ச்சிக்கு. அங்கேயும் ஒளிந்துகொள்ள ஒரு குகை. நடுவில் பாம்பு முழுசாக இறங்கிக் கிடக்கிற அளவுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். குட்டி மலைப்பாம்புதான், விஷம் கிடையாது, சூட்டைத் தேடித்தான் வரும், ஒரு வாரம் தொடாமல் விடுங்கள் என்று வெள்ளிக்கிழமைச் சந்தைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். வந்த நாளிலிருந்து அது வலது கண்ணாடியில் மூக்கை அழுத்தி, இறுகிய பந்தாகச் சுருண்டு கிடந்தது.

"இது என்ன, எங்க கிடங்கு மீனா? ஐஸ்ல படுத்தாத்தான் தூக்கம் வருமா?" என்றான் மித்ஹத்.

"அதுக்கு இந்த இடம் பிடிக்கல."

"புது வீட்டுக்கு வந்திருக்கு, கொஞ்சம் முறுக்கிக்கும். நீ எங்க வீட்டுக்கு வந்தப்ப முறுக்கிக்கலயா?"

தொட்டியின் இடது பக்கத்தை ஒட்டித்தான் மகள் ரீமாஸின் கட்டில். விளக்கின் சூடு கொஞ்சம் பிள்ளைக்கும் போகட்டும் என்று மித்ஹத்தான் அப்படி வைத்தான். பிள்ளைக்கு எப்போதும் குளிர்.

கோடையில் அபூகீர் கடற்கரையில் ரீமாஸை அலை இழுத்துப் போயிற்று. எட்டு வயதுப் பிள்ளை. ஆட்கள் பாறை இடுக்கிலிருந்து தூக்கி வந்து மணலில் கிடத்தியபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை என்று ஒருவர் துண்டை எடுத்து முகத்தை மூடியே விட்டார். இனாஸ் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடு, எப்படியாவது கொடு, எந்த விதத்திலாவது கொடு என்று கதறினாள். இறைவனைத்தான் கேட்டாள், முகம் மட்டும் கடலைப் பார்த்திருந்தது. துண்டுக்கு அடியில் பிள்ளை இருமியது.

அன்றிலிருந்து இனாஸுக்கு ஒரே ஒரு பயம்தான். இவளை இன்னொரு முறை இழந்துவிடக் கூடாது. பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டதையும், எத்தனை முறை தலைக்கு ஊற்றினாலும் முடியில் உப்பு வாசம் போகாததையும், எந்நேரமும் மாடிப்படியை அடைத்துக் கிடந்த பூனைகள் இவர்கள் வாசலைத் தாண்டிப் படுக்கப் போனதையும் அவள் அந்தப் பயத்துக்குள்ளேயே போட்டு மூடிக்கொண்டாள். ஏதாவது ஓர் உயிரை வளர்க்கக் கொடுங்கள், மனம் திறக்கும் என்றார் டாக்டர். கிளி வாங்கினார்கள், மறுநாளே செத்துப்போனது. சந்தையில் ரீமாஸ் தானாகவே பாம்பைக் கை காட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது கத்தாது" என்றாள்.

இப்போது இனாஸின் காது எந்நேரமும் அந்தப் பாம்பிடமே இருந்தது. சமையலறையில் பருப்பு சூப்பைக் கிளறும்போதும், பால்கனியில் துணி எடுக்கும்போதும், அறையிலிருந்து நார்த் தூளில் உடம்பு உரசுகிற மெல்லிய சரசரப்பு வந்துகொண்டே இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாம்பு அசையாமல் கிடக்கும். சூட்டைத் தேட வேண்டிய பிராணி சூட்டுக்கு வரவில்லை என்றால் அது பிராணிதானா?

அவள் பிறந்தது தெற்கே, சோஹாக் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் நீளமாக ஒன்று தென்பட்டால் உடனே தடியைத் தூக்க மாட்டார்கள். அந்த உருவத்தில் வந்திருப்பது ஜின்னாகவும் இருக்கலாம். மூன்று மக்ரிபுக்கு, அதாவது மூன்று அந்தித் தொழுகை நேரத்துக்குக் கெடு வைத்து, போய்விடச் சொல்லி எச்சரிப்பார்கள். போனால் அது வேறு எதுவோ. போகாவிட்டால் வெறும் பிராணி. இன்னொன்றும் உண்டு: பொழுது சாய்ந்த பிறகு அதன் பேரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும்.

"சந்தையில வாங்கின பாம்புக்கு யாராவது கெடு வைப்பாங்களா, ரீமாஸம்மா? வீட்டக் காலி பண்ணச் சொல்லி வக்கீல் நோட்டீஸும் அனுப்பிடேன்," என்றான் மித்ஹத்.

"சிரி. அது பக்கத்துல படுக்கறது புள்ள, நீ இல்ல."

அன்றைக்கு மக்ரிப் பாங்கு முடிந்ததும் அவள் தொட்டியின் முன்னால் நின்றாள். பேரைச் சொல்லவில்லை. எல்லோரும் சொல்வதைப் போலவே சொன்னாள். நூஹ் நபி உன் இனத்திடம் வாங்கிய வாக்கின் பேரால், சுலைமான் நபி வாங்கிய வாக்கின் பேரால், எங்களைச் சேராதது எதுவாக இருந்தாலும், எங்களுக்குத் தீங்கு செய்யாமல் இந்த வீட்டை விட்டுப் போய்விடு.

கட்டில் கிரீச்சிட்டது. ரீமாஸ் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார சொல்ற?"

"யாரையும் இல்ல கண்ணு. நீ படு."

அந்த இரவு பிள்ளை எதையும் சாப்பிடவில்லை. இரண்டாம் மக்ரிபில் சொன்னபோது போர்வைக்கு அடியிலிருந்து பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது. போர்வையை விலக்கினால் பிள்ளை கண்ணைத் திறந்தபடி கிடந்தது, உடம்பு ஜில்லென்று, தலையணை தொப்பலாக நனைந்து. வேர்வை என்று நினைத்து இனாஸ் துடைத்தாள். கையை முகர்ந்தாள். உப்பு. வேர்வையும் உப்புதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் பிள்ளையைத் தோளில் போட்டு அறையை விட்டுத் தூக்கிப்போன நேரத்தில், பாம்பு முதல்முறையாகச் சுருளைத் தளர்த்தித் தொட்டியின் நடுப்பகுதி வரை வந்து நாக்கை நீட்டியது. அறை வாசலில் திரும்பிப் பார்த்த இனாஸ், கெடு வேலை செய்கிறது, அது கிளம்பப் பார்க்கிறது என்று நினைத்தாள். ஒரு தாய்க்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும், பாவம்.

மூன்றாம் நாள் புயல் வந்தது. கடற்கரையில் எதையும் விட்டுவைக்காமல் பெருக்கித் தள்ளுவதால் ஊரார் 'துடைப்பம்' என்று பேர் வைத்திருக்கிற குளிர்காலப் புயல். மதியத்திலிருந்தே ஜன்னல் மரத்தடுப்புகள் படபடத்து, கடல் சாலை மேல் ஏறி, பழைய கட்டடத்தின் சுவர்களில் பாசி வாசமும் ஈரச் சுண்ணாம்பு வாசமும் கலந்து ஊறிக்கொண்டிருந்தன. மித்ஹத் போனில் பேசினான். கடற்கரைச் சாலையை மூடிவிட்டார்கள், கிடங்கிலேயே தங்குகிறேன், விளக்கு அணைந்தால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்குள் வை என்றான். பேசி முடிக்கும் முன்பே லைன் போனது. கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போனது.

மெழுகுவர்த்தியை ஏற்றினாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றினாள். காற்றின் இரைச்சலுக்குள் பாங்கு துண்டு துண்டாகக் கேட்டது. பாட்டிலோடு அறைக்குள் போனாள்.

ரீமாஸ் கட்டிலில் இல்லை. தொட்டியின் முன்னால் நின்றாள். கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள்.

உள்ளே பாம்பு மறுபக்கக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. மூக்கால். திரும்பத் திரும்ப. கண்ணாடியில் ரத்தம் இழுத்திருந்தது.

"தள்ளி வா. அது கிட்ட போகாத." இனாஸ் பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒரே முறை. "எங்களச் சேராதது எதுவா இருந்தாலும், போயிடு. இந்த வீட்ட விட்டுப் போயிடு."

பாம்பு நின்றது.

முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தமும் நின்றது.

"நான் போகணுமா, அம்மா?"

இனாஸ் திரும்பவில்லை. "எங்க போறது?"

"நீதான சொன்ன. மூணு தடவ சொல்லிட்ட."

"உன்ன இல்லடி. அத சொன்னேன்."

"நீ பேர் சொல்லல."

தரையில் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. இனாஸ் திரும்பினாள். பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் அதே முகம். அதே சின்ன மூக்கு, பெற்றவள் முத்தமிட்டுத் தேய்த்த மூக்கு. கண் மட்டும் இமைக்கவில்லை. எத்தனை மாதமாக இமைக்கவில்லை? நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"நீ யாரு?"

"நீ கேட்ட. வந்தேன்." குரலில் கோபம் இல்லை. அழுகை இருந்தது. "நான் உனக்கு நல்ல புள்ளையா இருந்தேனா இல்லையா?"

அது கதவை நோக்கி நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு சளக் சளக்கென்றது. வாசல் வரை போய், தாழ்ப்பாளில் கை வைத்தது.

தெரிந்துவிட்டது. இனாஸுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மணல், துண்டு, இருமல், எல்லாம். ஆனால் போகிற முதுகு ரீமாஸின் முதுகு. பின்னல் அவள் போட்ட பின்னல். கதவு திறந்தால் மறுபடியும் அதே மணல், அதே துண்டு. தாங்க முடியாது. அவளால் முடியாது.

பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினாள். மண்டியிட்டு அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குளிர் எலும்பு வரை ஏறியது.

"போகாத. இரு."

"நெஜமாவா? சொல்லு."

"இரு. என்னோடயே இரு. எப்பவும்."

சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றின. தாடை அவள் தோளில் இறங்கியது. பெருமூச்சு ஒன்று. அறைக்குள் பாம்பு மறுபடியும் மோதத் தொடங்கியது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

கையால் இல்லை. கதவின் அடியில், கால் விரலால். ரீமாஸ் ஒருநாளும் மணியை அழுத்தியதில்லை. மணி எட்டாத வயதில் பழகிய பழக்கம். எட்டிய பிறகும் விடவில்லை. கடலுக்குப் போன நாளுக்குப் பிறகு இந்தத் தட்டல் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. அதையும் இனாஸ் இப்போதுதான் உணர்ந்தாள்.

"அம்மா. கதவத் தொற."

மெல்லிய குரல். கரகரத்த குரல்.

"கால் வலிக்குதும்மா. அபூகீர்லேர்ந்து நடந்தே வந்தேன். ரொம்பக் குளிருது."

இனாஸ் எழப் பார்த்தாள். முடியவில்லை. கழுத்தைச் சுற்றிய கைகள் இறுகின. மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம்.

"தொறக்காத," என்றது காதோரம், கெஞ்சலாக. "நீ இருன்னு சொல்லிட்ட."

கையை நீட்டினாள். தாழ்ப்பாள் ஒரு சாண் தூரம். விரல் நுனி மரத்தைத் தொட்டது. மறுபக்கம், அதே இடத்தில், சின்ன நகங்கள் சுரண்டின.

"அம்மா?"

காற்று ஓய்ந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஒரு முனகல்.

"வீட்ல யாரும் இல்ல போல."

காலடிகள். வெறுங்கால்கள். ஒரு படி. இன்னொரு படி. கீழே.

இனாஸ் கத்த வாயைத் திறந்தாள். ஒரு சின்ன ஈர உள்ளங்கை, அன்பாக, அவள் வாயைப் பொத்தியது.