பதிவு இலக்கம் கேட்கச் சொன்னவன்

அன்று பெய்த மழைக்குப் பயந்து இரணைமடுக் குளத்து மீன்களே கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு வந்து கூரைக்குக் கீழே ஒதுங்கின. அதைக்கூட நம்பிவிடலாம். அதே கூரையின் கீழ் ஒரே பேச்சில் ஒருத்திக்கு ஒருவன்மேல் கோபமும் காதலும் சேர்ந்தே வந்தன... இதை யார் நம்புவார்? பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் நம்பினார்கள். நம்பாதவள் ஒருத்திதான். ஜெயரூபி!

முள்ளியவளையில் அவளுக்கு ஒரு வீடு, ஒரு கோப்பை, ஒரு கதிரை, பேச்சுத்துணைக்கு எழுபத்தாறு சுவர்ப்பல்லிகள். மிஞ்சிய ஒரே உறவான தம்பி மதுசன் லண்டனில் அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகித் தடுப்பு முகாமில் இருந்தான். மேன்முறையீட்டுக்கு ஐந்தே நாள். லோயருக்கென்று, அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் கேட்டது பதினெட்டு லட்சம். வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தை ஈடுவைக்க வந்தவள், அதை நெஞ்சோடு அணைத்தபடி போனில் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற நெடியவன் திரும்பினான். அந்தக் கண்கள்... வான்கதவு திறக்கும்வரை தளும்பி நிற்கும் குளம்.

"அந்த லோயரின்ர பதிவு இலக்கத்தைக் கேளுங்கோ."

"உங்களிட்ட ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்ல. அதாலதான் சொல்லுறன்."

அவள் முறைத்த முறைப்பில் பாதி மழை காய்ந்துபோனது. அவனோ விடாமல், முகாமில் இருப்பவர் இலவசமாக லோயரோடு கதைக்கக் கேட்கலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கட்டணத்தை எழுத்தில் தரச் சொல்லலாம் என்று அடுக்கினான். இவனும் ஒரு ஏஜென்சியோ... என்று நினைத்தாலும் அவள் இலக்கத்தைக் கேட்டாள். ஏஜென்சிக்காரர் போனை வைத்துவிட்டார்.

அவன் பெயர் செந்தூரன். தண்ணீர் பம்பி திருத்துகிறவன். பஸ் டிக்கெட்டின் பின்னால் தன் நம்பரை எழுதிக்கொடுத்தான். அவள் சொல்ல, மதுசன் முகாமிலேயே கேட்டு வாங்கிய இலவச லோயர் நாலாம் நாள் மேன்முறையீட்டைப் பதிந்தார். அதன்பிறகும் பின்னேரங்களில் செந்தூரனின் போன் வந்தது. சட்டம் முடிந்தும் கதை முடியவில்லை... இரண்டு வீடுகளிலும் வேறு குரலே இல்லையே.

அவனும் லண்டனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன்தான் என்று ஒருநாள் அவளுக்குத் தெரியவந்தது. இவ்வளவு தெரிந்தவர் ஏன் பிடிபட்டு வந்தீர்கள் என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். போன் நின்றுபோனது. பன்னிரண்டு நாள்... ஒவ்வொன்றும் ஒரு வருசம். அவளும் எடுக்கவில்லை, ரோசம். பதின்மூன்றாம் நாள் பம்பிக் கடை வாசலில் போய் நின்றாள்.

அவன் நிமிரவில்லை.

"அப்ப எனக்கு ஒண்டும் தெரியாது. லோயர் எண்டு வந்தவனுக்கு அம்மாவின்ர காணியை வித்துக் குடுத்தனான். அவன் லோயரே இல்லை. தெரிஞ்சதெல்லாம் முகாமுக்குள்ள படிச்சது, மேன்முறையீட்டு நாள் கடந்தாப்பிறகு. திரும்பி வந்தா வீடும் இல்லை... அம்மாவும் இல்லை."

ஜெயரூபி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அவன் நிமிர்ந்தான்.

"உங்கட தம்பிக்காகத்தான் கதைக்கிறன் எண்டு காட்டினது பொய். அண்டைக்கே உங்களைப் பிடிச்சுப்போச்சு. உங்களுக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல எண்டா சொல்லுங்கோ, இனிக் கதைக்கமாட்டன்."

அப்படியெல்லாம் ஒரு நிமிசத்தில் யாருக்கும் வராது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். கண்கள் முந்திக்கொண்டு நிறைந்தன.

"நடந்தது," என்றாள். "எனக்கும்... அண்டைக்கேதான்."