பதில் சொல்லாத பக்கம்

உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை சத்தங்கள் கேட்கின்றன என்று எப்போதாவது எண்ணியிருக்கிறீர்களா?

லோர்னா அன்று மத்தியானம்தான் எண்ணினாள். கனடாவின் வாட்டர்லூவில் பனி கொட்டியதால் மகளின் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. நிலவறையில், துவைத்த துணியின் ஈர வாசனைக்கும் ஹீட்டரின் சூடேறிய தகர வாசனைக்கும் நடுவே மேசை போட்டு உட்கார்ந்து, மூன்று வாரமாகப் பிடிபடாத ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் குழு எழுதுவது பிரவுசர். அதில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் தனி ப்ராசஸ், தானாக ஓடும் தனி நிரல். அதற்குள் பல த்ரெட்கள், ஒரே வீட்டில் ஆளுக்கொரு வேலை பார்ப்பதுபோல. இரண்டு த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிட்டால் பக்கம் உறைந்துபோகும். அதுதான் அந்தப் பிழை.

த்ரெட்டைத் தொடங்குகிறவர் அதற்குப் பெயர் வைத்தாக வேண்டும். அன்று பட்டியலில் பெயரில்லாமல் நான்கு இருந்தன. குழுவில் கூட வேலை பார்க்கும் ரோஸ்கோவின் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு, என்னவென்று பார்க்கப் பக்கத்தை நடுவிலேயே நிறுத்தினாள்.

வீடு அடங்கிப்போனது.

ஹீட்டரின் முனகல், ஃபிரிட்ஜின் உறுமல், தலைக்கு மேல் மரத்தரையில் கணவன் க்ளைடின் கனத்த நடை, ஆறு வயது மகள் பிரின் ஹாலில் தட்டும் பந்து, நான்கும் ஒரே கணத்தில் நின்றன. மறுபடி ஓடவிட்டாள். நான்கும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

“க்ளைட்! மேல என்ன விளையாட்டு?”

“நான் சூப்பு வெக்கறேன், உன் பொண்ணுதான் விளையாடறா! ஆறிடும், மேல வா குகைவாசி!”

“அம்மா, நூறு தட்டப் போறேன்! எழுபது… எழுபத்தொண்ணு…”

லோர்னா மறுபடி நிறுத்திவிட்டுப் படியேறினாள்.

கிண்ணத்துக்கு மேல் சூப்பின் ஆவி வெள்ளை நூல்போல அசையாமல் நின்றது. க்ளைட் ஒரு காலைத் தூக்கியபடி, மகளை நோக்கிக் கையை நீட்டியிருந்தான். பிரினின் வாய் திறந்திருந்தது. சிவப்புப் பந்து அவள் முழங்கால் உயரத்தில், காற்றில். லோர்னா மகளின் மூக்கருகே விரலை வைத்தாள். கன்னத்தில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

கீழே ‘டிங்’ என்றது.

காவலாளி.

குழுவில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நிரல் அது. பதில் வராவிட்டால் பத்து நொடி பொறுக்கும். பிறகு கொன்றுவிடும். பக்கத்தை நிறுத்திப் பார்க்கிறவர்கள் தொடங்கும் முன்பே காவலாளியை அணைக்க வேண்டும். மறந்தவர் எல்லோருக்கும் டோனட் வாங்க வேண்டும். லோர்னா அந்த மாதம் இரண்டு தடவை வாங்கியிருந்தாள்.

விழுந்தடித்து இறங்கினாள். ‘பக்கம் பதில் சொல்லவில்லை. காத்திருக்கவா? மூடவா?’ கீழே நொடிகள் இறங்கின: மூன்று. இரண்டு. ‘காத்திரு’வை அழுத்தினாள். பக்கத்தை ஓடவிட்டாள். ஓடவில்லை. திரையில் மூன்றாவது த்ரெட் நான்காவதற்குக் காத்திருந்தது. நான்காவது, மூன்றாவதற்கு.

ஒரு கையால் ரோஸ்கோவைப் போனில் அழைத்தாள்.

“மறுபடி மறந்துட்டியா? எனக்கு சாக்லேட் தடவினது.”

“இப்ப அணைக்க வழி இருக்கா?”

“ஓட ஆரம்பிச்சப்புறம் ஏது வழி? நீதானே எழுதின அதை.”

டிங். அழுத்தினாள்.

“மூடிட்டா?”

“மூடிட்டா போச்சு. புதுசா ஒண்ணு திறந்துக்கோ. பழசுல இருந்தது எதுவும் அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏய்… அழறியா? ஒரு பக்கம்தானே லோர்னா!”

“நீ இங்க வா. இப்பவே.”

“இந்தப் பனியிலயா? ரோட்டை மூடிட்டாங்க. காலையில வரேன்.”

டிங். அழுத்தினாள்.

சின்ன ஜன்னல் சாம்பல் நிறமாகி, கறுத்தது. ஹீட்டர் நின்றுபோன வீட்டில் குளிர் சுவர் வழியே இறங்கியது. துணிகள் கொடியில் விறைத்தன. மூச்சு புகைந்தது. விரல் மரத்தது.

டிங்.

காத்திரு.

பாட்டு பாடினாள். உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

டிங்.

காத்திரு.

எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபத்தொன்று.

டிங்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு லோர்னாவின் தலை மேசையில் சாய்ந்தது. டிங் என்றது. பத்து நொடி கழித்து மேலே பந்து தரையில் விழுந்தது. உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அதை எடுக்க யாரும் வரவில்லை.